புள்ளியில் தொடங்கும் டிசைன் பாடம்

வீட்டிற்குப் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் வந்த சில நாட்களிலேயே உறவினர்களும் அக்கம் பக்கத்தினரும் வேலை கொண்டு வரத் தொடங்கி விடுவார்கள். "காதுகுத்துக்கு ஒரு பத்திரிகை அடிச்சுக் கொடுப்பா", "கடைக்கு ஒரு விசிட்டிங் கார்டு போடணும்", "கோயில் கொடைக்கு நோட்டீஸ் வேணும்" என்று வரிசையாக வரும். டைப் செய்யத் தெரிந்தால் டிசைனும் தெரியும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே நம்பி விடுகிறோம். நானும் நம்பினேன். அதனால் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பாடத்திற்கு வருகிறேன்.

போட்டோ தெரிந்தது, நேரம் தெரியவில்லை

எங்கள் ஊர் மதுரை. இங்கே சுவர் இருந்தால் அதில் போஸ்டர் இருக்கும். பிறந்த நாள், பூப்பு நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என எல்லாச் செய்தியும் சுவருக்கு வந்து விடும். நான் கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் எங்கள் பெரியப்பா ஓர் இரவில் தவறிவிட்டார். விடிவதற்குள் சித்தப்பா என்னிடம் வந்து, "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் வச்சிருக்கியே, போஸ்டரை நீயே போட்டுக் கொடுத்துருப்பா" என்றார்.

ஒரு மணி நேரத்தில் முடித்து விட்டேன். துக்கச் செய்தி என்பதால் பின்னணியைக் கறுப்பாக்கினேன். நடுவில் பூ வளையத்திற்குள் பெரியப்பா போட்டோ. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே வளைவான எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". அதன் கீழே பெயர், உறவினர் பெயர்கள். அடியில் மிச்சமிருந்த இடத்தில், கால் அங்குல உயரம் கூட இல்லாத எழுத்தில், "இறுதி ஊர்வலம் மாலை 4 மணி" என்ற வரி. அதற்கு அடர் சிவப்பு நிறம் கொடுத்தேன். என் மானிட்டரில் பார்த்தபோது மிக நன்றாக இருந்தது. சித்தப்பாவும் பாராட்டினார். காலையிலேயே அச்சடித்து, சோழவந்தான் பக்கம் போகிறவரிடமும் பத்து போஸ்டர் கொடுத்து அனுப்பினோம்.

பெரியப்பாவோடு இளமையில் ஒன்றாக வேலை பார்த்த ஒரு பெரியவர் அந்தப் பக்கத்து கிராமத்தில் இருந்தார். அவரிடம் போன் கிடையாது. டீக்கடைச் சுவரில் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். கீழே இருந்த வரியை அவரால் படிக்க முடியவில்லை. கடையில் இருந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆறு மணி மாதிரி தெரியுது" என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் ஐந்தரை மணிக்குக் கையில் மாலையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஊர்வலம் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. முகம் பார்க்க முடியாமல் போய்விட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. "போட்டோ நல்லாத் தெரிஞ்சுச்சு தம்பி. நேரந்தான் தெரியல" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் டிசைன் என்றால் என்ன என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். டிசைன் என்பது அழகுபடுத்துவது மட்டுமல்ல. பார்ப்பவரின் கண் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவதே அதன் முதல் வேலை. அதற்கான அடிப்படைப் பொருட்களையும் விதிகளையும் இங்கு காணலாம். உதாரணங்களை எங்கள் மதுரையிலிருந்தே தருகிறேன்.

அடிப்படைப் பொருட்கள்

சமையலுக்கு அரிசி, பருப்பு, புளி போல எந்தப் படத்திற்கும் சில அடிப்படைப் பொருட்கள் உண்டு.

1. புள்ளி: மிகச் சிறிய பொருள் இது. மதுரையின் சுங்குடிச் சேலையைப் பாருங்கள். துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. பிரித்தால் அந்த இடம் புள்ளியாக நிற்கும். அப்படிப்பட்ட புள்ளிகளாலேயே முழுச் சேலைக்கும் டிசைன் வந்து விடுகிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் மானிட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. திரையில் தெரியும் எல்லாமே பிக்ஸெல் என்னும் புள்ளிகளால் ஆனவை. பெயிண்ட் புரோகிராமில் ஒரு படத்தைத் திறந்து ஸூம் அளவை அதிகப்படுத்திக் கொண்டே போனால் அந்தப் புள்ளிகளைச் சிறு சதுரங்களாகக் காணலாம்.

2. கோடு: புள்ளி நகர்ந்தால் கோடு. வாசலில் போடும் சிக்குக் கோலம் இதற்கு நல்ல பாடம். புள்ளிகளை வைத்து, அவற்றைச் சுற்றிக் கோட்டை வளைத்துக் கொண்டு போகிறார்கள். நம் கண்ணும் அந்தக் கோட்டைப் பிடித்துக் கொண்டே போகிறது. கோட்டின் வேலையே கண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு அழைத்துச் செல்வதுதான். வாசிலி காண்டின்ஸ்கி என்ற ரஷ்ய ஓவியர் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே 1926ல் ஒரு நூல் வெளியிட்டார். நம் வீட்டுப் பெண்கள் தினமும் காலையில் வாசலில் செய்வதும் இதே பாடம்தான்.

3. வடிவம்: மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடை அருகே யானைமலை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானை போலத் தெரியும். அதற்குக் கண் கிடையாது, தந்தம் கிடையாது. வெளிக்கோடு ஒன்றே யானை என்று சொல்லி விடுகிறது. நல்ல லோகோவும் இப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே உள்ள விவரங்களை எடுத்து விட்டாலும் அது என்னவென்று தெரிய வேண்டும்.

4. வண்ணம்: சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று மக்கள் காத்திருப்பார்கள். பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு செழிப்பு என்பது நம்பிக்கை. ஆற்றில் நிற்கும் லட்சக்கணக்கான பேருக்கு ஒரு வார்த்தை கூட இல்லாமல் நிறம் செய்தி சொல்லி விடுகிறது. கம்ப்யூட்டரில் நிறம் என்பது எண்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. இவற்றைக் கலந்தால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். பெயிண்ட் புரோகிராமில் எடிட் கலர்ஸ் கட்டத்தைத் திறந்து இந்த எண்களை மாற்றிப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். அச்சகத்தில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கொண்டுதான் அச்சடிப்பார்கள். எனவே மானிட்டரில் பளீரென்று தெரியும் சில நிறங்கள் தாளில் மங்கலாக வரும்.

5. வெளிச்ச அளவு: ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது எவ்வளவு இருளாக இருக்கிறது என்பதே இது. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சிவப்பும் கறுப்பும் வேறு வேறு நிறங்கள் என்பதால் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அடர் சிவப்பும் கறுப்பும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படமாக அதை மாற்றியிருந்தால் அந்த வரியே காணாமல் போயிருக்கும்.

6. மேற்பரப்பு: 1636ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைத் தொட்டால் சுண்ணாம்புப் பூச்சு வழுவழுவென்று இருக்கும். மீனாட்சி அம்மன் கோயிலின் கல் தூண்கள் சொரசொரப்பானவை. தொடாமல் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும். கம்ப்யூட்டரில் மரம், துணி, கல் போன்ற பின்னணிகளைப் போடலாம். ஆனால் அவற்றின் மேல் சிறிய எழுத்தை வைத்தால் படிக்க முடியாது.

7. வெற்றிடம்: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திற்குப் போயிருக்கிறீர்களா? 1645ல் திருமலை நாயக்கர் வெட்டியது. ஒவ்வொரு பக்கமும் ஆயிரம் அடிக்கு நெருக்கமான நீளம் கொண்ட பெரிய குளம். நடுவில் ஒரே ஒரு மைய மண்டபம். குளக்கரையில் எந்த மூலையில் நின்றாலும் கண் நேராக அந்த மண்டபத்திற்குத்தான் போகும். சுற்றிலும் ஒன்றும் இல்லாததே அதற்குக் காரணம். நானோ என் போஸ்டரில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தால் உடனே ஒரு பூவைக் கொண்டு வந்து வைத்தேன். காலி இடமும் ஒரு பொருள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சேர்க்கும் விதிகள்

பொருட்கள் இருந்தால் மட்டும் சமையல் ஆகி விடாது. பக்குவம் வேண்டும். டிசைனில் அந்தப் பக்குவத்தை விதிகள் என்கிறோம்.

1. சமநிலை: நடுவில் ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் எடை ஒன்றாகத் தோன்ற வேண்டும். கோபுரத்தின் இடமும் வலமும் ஒன்று போலவே இருப்பது ஒரு வகை. ஒரு பக்கம் பெரிய போட்டோ, மறு பக்கம் நான்கு வரி எழுத்து என்று வைத்து எடையைச் சமன் செய்வது இன்னொரு வகை. கடையில் தராசுத் தட்டில் ஒரு பக்கம் படிக்கல், மறு பக்கம் கத்தரிக்காய் வைப்பது போல இது.

2. திரும்ப வருதல்: மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. ஒவ்வொரு தூணிலும் சிற்பம் வேறாக இருக்கலாம். ஆனால் தூண்கள் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதால் குழப்பம் இல்லை. உங்கள் நோட்டீசிலும் தலைப்புகளுக்கு ஒரே எழுத்து வகை, செய்திக்கு ஒரே எழுத்து வகை என்று வைத்துக் கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு போதும். என் போஸ்டரில் ஆறு எழுத்து வகைகள் இருந்தன.

3. அளவு விகிதம்: தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம், ஒன்பது நிலை. ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையை விடச் சிறிதாகிக் கொண்டே போகிறது. இந்த வரிசையான குறைவுதான் நம் கண்ணை மேலே ஏற்றிக் கொண்டு போய்க் கலசத்தில் நிறுத்துகிறது. எழுத்துகளிலும் இப்படிப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று அளவுகளைத் தெளிவான வித்தியாசத்தோடு வையுங்கள். 20, 22, 24 பாயிண்ட் என்று வைத்தால் வித்தியாசமே தெரியாது. 24, 48, 96 என்று வைத்துப் பாருங்கள்.

4. வேறுபாடு: கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்திருப்பதைத் தெருக் கோடியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். வெளிச்சமும் இருளும் அடுத்தடுத்து இருப்பதே காரணம். இந்த வேறுபாட்டை எண்ணாகவே கணக்கிடலாம். இணையத்திற்கான தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் 21. இதுவே உச்சம். கறுப்பில் மஞ்சள் ஏறக்குறைய 19.6. கறுப்பில் பளிச் சிவப்பு சுமார் 5.3. கறுப்பில் பளிச் நீலம் 2.4 மட்டுமே. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது விதி. நான் பயன்படுத்திய அடர் சிவப்பின் எண்கள் 128, 0, 0. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.9 வந்தது.

5. அருகாமை: அருகருகே இருப்பவற்றை நம் கண் ஒரே கூட்டமாக எடுத்துக் கொள்ளும். ஜெர்மனியின் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் 1923ல் இது பற்றி விரிவாக எழுதினார். என் போஸ்டரில் தேதி மேலே வலது மூலையில், நேரம் கீழே இடது மூலையில், முகவரி கீழே வலது மூலையில். மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவர் வந்து சேர முடியும். நான் மூன்றையும் பிரித்து வைத்து விட்டேன்.

6. முக்கியத்துவம்: ஒரு பக்கத்தில் ஒன்றுதான் முதலிடம் பெற முடியும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என இரண்டு வகை உண்டு. முழுவதையும் பெரிய எழுத்தில் டைப் செய்து ஒரு சொல்லை எடுத்துக் காட்டலாம். தமிழில் அந்த வசதி இல்லை. எனவே அளவு, தடிமன், நிறம், சுற்றிலும் காலி இடம் ஆகிய நான்கைக் கொண்டுதான் நாம் ஒன்றை முன்னால் கொண்டு வர வேண்டும்.

7. ஒருமை: மதுரை நகரின் வரைபடத்தைப் பாருங்கள். நடுவில் கோயில். அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். எத்தனை கடைகள், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எல்லாம் ஒரே மையத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால் புதிதாக வருபவர் கூட வழி கண்டுபிடித்து விடுகிறார். ஒரு நல்ல பக்கமும் இப்படி எல்லாமே ஒரு மையச் செய்தியைச் சுற்றி நிற்க வேண்டும்.

இப்போது செய்து பார்ப்போம்

ஒரு காதணி விழா நோட்டீஸ் தயாரிப்பதாக வைத்துக் கொள்வோம். பெயிண்ட் புரோகிராமில் பழகலாம். ஆனால் அதில் டைப் செய்து வேறு இடத்தில் கிளிக் செய்து விட்டால் எழுத்து படமாகி விடும். பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. எனவே அச்சுக்குப் போகும் வேலைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள டிரா புரோகிராமைப் பயன்படுத்துங்கள்.

1. கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். பார்ப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டியவை எவை? யாருக்கு விழா, என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே. இவற்றுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள்.

2. பக்கத்தின் நான்கு ஓரங்களிலும் காலி இடம் விடுங்கள். அதற்குள் எதையும் வைக்காதீர்கள்.

3. நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரே கட்டத்தில் வையுங்கள். அந்தக் கட்டத்தைச் சுற்றியும் இடம் விடுங்கள்.

4. வெளிர் நிறப் பின்னணியில் இருண்ட எழுத்து நல்லது. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய எழுத்தாக இருந்தால் அச்சில் மை பரவி எழுத்தை மூடி விடும்.

5. வரிகளுக்கு இடையே தாராளமாக இடைவெளி கொடுங்கள். கி, கீ போன்றவற்றில் கொக்கி மேலே போகும். கு, கூ போன்றவற்றில் சுழி கீழே இறங்கும். வரிகள் நெருக்கமாக இருந்தால் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் கொக்கியும் மோதும். வரி இடைவெளியை 1.3 முதல் 1.5 வரை வைத்துப் பாருங்கள்.

6. போஸ்டர் என்றால், பத்து அடி தூரத்தில் வசதியாகப் படிக்க ஓர் அங்குல உயர எழுத்து என்பது விளம்பரப் பலகைத் தொழிலில் உள்ள பொதுவான கணக்கு.

மூன்று சோதனைகள்

முடித்தவுடன் அச்சகத்திற்கு ஓடாதீர்கள். முதலில் ஸூம் அளவை 25 சதவீதமாகக் குறைத்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் உங்கள் டிசைனின் முதல் செய்தி. நீங்கள் தாளில் எண் 1 போட்டதும் அதுவும் ஒன்றா என்று சரி பாருங்கள்.

இரண்டாவது, பிரிண்டரில் கிரேஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுங்கள். நிறம் இல்லாமலும் எல்லா வரிகளும் தெரிய வேண்டும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, வீட்டில் வயதான ஒருவரை அழைத்து, "எப்போது, எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்க வேண்டாம். நம் மீது பாசம் உள்ளவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். என் சித்தப்பாவும் அன்று அதைத்தான் சொன்னார்.

அடுத்த ஆண்டு பெரியப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள் நோட்டீசையும் நானே தயாரித்தேன். வெள்ளைத் தாள், ஒரு போட்டோ, இரண்டு எழுத்து வகைகள். பூ இல்லை, விளக்கு இல்லை. "காலை 10 மணி" என்பதைப் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில், நாளும் முகவரியும் சேர்ந்த கட்டத்தில் வைத்தேன். சித்தப்பா பார்த்து விட்டு, "ரொம்ப மொட்டையா இருக்கேப்பா" என்றார். அம்மாவின் கையில் கொடுத்து நேரத்தைக் கேட்டேன். கண்ணாடியைத் தேடாமலேயே சொன்னார். அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

அந்தப் பெரியவர் ஒன்பதரை மணிக்கே வந்து விட்டார்.

உங்களுக்கும் இந்த வாரம் ஏதாவது ஒரு நோட்டீசோ பத்திரிகையோ கைக்கு வரும். அதைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். எது முதலில் தெரிகிறது, எது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு அதையே உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றி அமைத்துப் பாருங்கள். அதுதான் இந்தப் பாடத்தின் முதல் பயிற்சி.